இடதுபக்கத்துச் சேவகன்

எங்கள் வீட்டு முன்னறையில் சினிமா பேசக் கூடியவர்கள் மூன்றே பேர். சத்தம் மட்டும் ஒரு சந்தைக்கு இருக்கும். ஒருவர் என் கணவர், மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர். இன்னொருவர் வக்கீல் குமாஸ்தா. மூன்றாமவர் கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த தையல்காரர். படம் பேச ஆரம்பித்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. கருங்கலில் எப்போதாவது கூடாரம் அடித்துப் படம் காட்டுவார்கள். கூடாரம் வந்துவிட்டால் இவர்கள் மூவருக்கும் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஒரே படத்தை மூவரும் மூன்று விதமாகப் பார்ப்பார்கள். என் கணவருக்கு உச்சரிப்புதான் முக்கியம். கதாநாயகி 'பழம்' என்று திருத்தமாகச் சொல்லிவிட்டால் கதையில் எத்தனை ஓட்டை இருந்தாலும் மன்னித்துவிடுவார். குமாஸ்தா ராஜசபையில் நடக்கிற விசாரணையை மட்டும் கவனிப்பார். சாட்சி விசாரிக்காமல் ராஜா தண்டனை கொடுத்தால் அந்தப் படம் அவரைப் பொறுத்தமட்டில் தள்ளுபடி. தையல்காரர் ஆளின் முகத்தைப் பார்ப்பதே இல்லை, சட்டையின் தோள்பட்டையைப் பார்ப்பார். கடைசியில் ஒருவர் "விட்டுராதீங்க, கட்டாயம் பாக்கணும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போவார். அடுத்தவர் பின்னாலேயே போய், "அந்தப் பக்கம் எட்டிப் பாக்காதீங்க" என்பார். ஊர் இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டு தன் பாட்டுக்குப் படம் பார்த்தது.

இவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. ஒரு படம் பெண்கள் பார்க்கத் தக்கதா என்று முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் சபைப் போதகர் சினிமாவுக்கு எதிராக அடிக்கடி பிரசங்கம் செய்துவந்தார். ஆகவே இவர்கள் எங்களுக்காகத் தங்கள் ஆத்துமாவைப் பணயம் வைத்து முன்னால் போனார்கள். ஒரு தடவையில் நிச்சயம் வராவிட்டால் மறுபடியும் போனார்கள். அதுவரை எந்தப் படமும் எங்களுக்குத் தக்கதாக அமையவில்லை. ஒன்றில் நாட்டியம் இருந்தது. ஒன்றில் அந்நிய தெய்வங்கள் இருந்தார்கள். இன்னொன்றில் தப்பாக எதுவுமே இல்லை, ஆனால் அதற்காக அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமா என்று கேட்டார்கள்.

உள்ளறையில் நானும் என் நாத்தனாரும் லேஸ் பின்னிக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்போம். அவள் என் கணவருக்கு ஒரே தங்கை. அவளுடைய புருஷனுக்கு நல்ல சாரீரம். சபையில் அவர் கீர்த்தனை பாடினால் தூங்குகிறவர்கள்கூட விழித்துக்கொள்வார்கள். நாகர்கோவிலுக்கு வந்த ஒரு நாடகக் கம்பெனிக்கும் அந்தச் சாரீரம் பிடித்துப்போயிற்று. கம்பெனி ஊரைவிட்டுப் போனபோது அவரும் போய்விட்டார். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. அவள் வாழாவெட்டி என்று சொல்லவும் வழியில்லை, விதவை என்று சொல்லவும் வழியில்லை. எங்களோடு இருந்தாள். யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விடுவாள்.

ஒருநாள் என் கணவர் பள்ளிக்கூடம் புறப்படும் நேரத்தில் குமாஸ்தா வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"சாரே, நேத்து படத்துல ஒங்க அளியனைப் பாத்தேன்!"

அளியன் என்றால் எங்கள் பக்கத்தில் தங்கை புருஷன். என் கணவர் குடையைக் கீழே போட்டுவிட்டார். ராஜாவின் சிம்மாசனத்துக்கு இடதுபக்கம் ஈட்டி பிடித்துக்கொண்டு ஒரு சேவகன் நிற்கிறானாம். அது இவர்தான் என்று குமாஸ்தா சத்தியம் செய்தார். உள்ளே என் நாத்தனாரின் கையிலிருந்த ஊசி நின்றது.

அன்று மாலை மூவரும் அடையாளம் காணப் போனார்கள். திரும்பி வந்து முன்னறையில் விசாரணை நடந்தது. குமாஸ்தா, மூக்கு அவருடைய மூக்குதான் என்றார். தையல்காரர், மீசை ஒட்டவைத்தது, தலைப்பாகை நெற்றியை மறைக்கிறது, ஆனால் அந்த அங்கிக்கு எடுத்த அளவு சுத்த மோசம் என்றார். என் கணவருக்கு வேறு துக்கம்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசுனா நான் கண்டுபிடிச்சிருவேன். அவ்வளவு நல்ல சாரீரம் உள்ள ஆளு, ஊமையா நிக்க விட்டிருக்கானுவ!"

சந்தேகம் தீரவில்லை. சந்தேகம் தீராததால் மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாளும் போனார்கள். மூன்றாம் நாள் பேச்சில் சேவகன் கொஞ்சநேரம்தான் வந்தான். மிச்ச நேரமெல்லாம் கதாநாயகன் சிறையில் பாடுகிற பாட்டு எந்த ராகம் என்ற சண்டை. இதற்கிடையில் என் கணவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அது அளியன்தான் என்று உறுதியானால் மெட்ராஸுக்கு ரயிலேறிப் போய் ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவார். எப்படியும் ஸ்டுடியோவுக்குள் போய்த்தானே தேட வேண்டும், படம் எப்படி எடுக்கிறார்கள் என்றும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னார். தங்கையின் வாழ்க்கைமேல் அவருக்கு அக்கறை இல்லாமலில்லை. ஆனால் ஸ்டுடியோ என்று சொன்னபோது முகம் கூடுதலாக மலர்ந்தது.

நான் வாசல் நிலையில் வந்து நின்றேன்.

"ஆளு யாருன்னு கண்டுபிடிக்க மூணு நாளா தையல்காரரைக் கூட்டிட்டுப் போறியளே, ஒங்க அளியனுக்க பெஞ்சாதி உள்ளதான இருக்கா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த யோசனை உண்மையாகவே அவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

"அது பெண்கள் பாக்கக்கூடிய படமில்ல, ஏட்டி," என்றார் என் கணவர். "பாதியில ஒரு நாட்டியம் உண்டு."

"அப்போ அவ கண்ண மூடிக்கிடுவா. சேவகன் வரும்போ தொறப்பா."

கூடாரம் அந்த வாரத்தோடு கிளம்புவதாக இருந்தது. வேறு வழியில்லாமல் மறுநாள் முதல் ஆட்டத்துக்கு எங்களை அழைத்துப்போனார்கள். போகும் வழியில் சபை மூப்பரின் வீட்டை நெருங்கியதும் என் கணவர், ஏதோ ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவரைப் போல நடையைத் தளர்த்திக்கொண்டார். வாசலில் மூப்பர் இல்லை. அவர் கூடாரத்தில் எங்களுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தார்.

பெண்கள் பக்கத்தை ஓலைத்தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். மணலில் உட்கார்ந்தோம். நான் முதன்முதலாகப் பார்க்கும் படம் அது. கதை என்ன என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜசபை வந்தது. இடதுபக்கம் ஒரு சேவகன், ஈட்டி, மீசை, பளபளக்கும் அங்கி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாத்திரம் கழுவுகிறபோது இருக்குமே ஒரு முகம், வேறு எங்கேயோ நினைப்பு இருப்பதுபோல, அப்படித்தான் இருந்தது அவள் முகம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். தட்டிக்கு மேலே மூன்று தலைகள் எழும்பின. அவள் மறுகையால் சோடா வாங்கிக் குடித்தாள். தலைகள் இறங்கின.

படம் முடிந்து திரும்பும்போது தையல்காரர் காய்ந்த ஓலையைச் சேர்த்துக் கட்டிய சூட்டுக்கட்டையைக் கொளுத்தி வீசிக்கொண்டு முன்னால் நடந்தார். ஓலைநெருப்பின் வெளிச்சத்தில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கேட்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அதனால் வழக்கம்போலப் படத்தைப் பற்றிப் பேசினார்கள். அப்போது அவள், அத்தனை காலமும் உள்ளறையில் இருந்து கேட்டவள், வாயைத் திறந்தாள்.

"செறையில பாடுனது நல்லாயிருந்துது அண்ணா. ஆனா அந்த ராணி அழுததுதான் பொய். அவ்வளவு சத்தம் போட்டு யாரும் அழமாட்டாவ."

குமாஸ்தா தலையை ஆட்டினார். அந்தக் கூட்டத்தில் யாரும் அதுவரை அழுகையைக் கவனித்திருக்கவில்லை. என் கணவருக்குப் பொறுக்கவில்லை.

"அது கெடக்கட்டும் மக்கா. அந்தச் சேவகன்..."

"அவருதான்," என்றாள்.

என் கணவர் நடுவழியில் நின்றுவிட்டார். அப்போது அவர் ஸ்டுடியோவை நினைக்கவில்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

"சீக்கிரமே மெட்ராஸுக்குப் போறேன். காலுல விழுந்தாவது கூட்டிட்டு வாறேன்."

"வேண்டாம்."

"என்னத்துக்கு வேண்டாம்?"

"குலசேகரத்துல தோட்டத்து வேலையில கொண்டு சேத்தீங்க, நிக்கல. கடை வச்சுக் குடுத்தீங்க, அதுலயும் நிக்கல. எனக்க கூடயும் நிக்கல. அங்க எவனோ ஒருத்தன் சொன்ன எடத்துல, கண்ணு சிமிட்டாம, படம் முடியுற வரைக்கும் நிக்காரு. அவரு ஒரு எடத்துல நின்னு நான் இன்னைக்குத்தான் பாக்கேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அங்கயே நிக்கட்டும் அண்ணா."

தையல்காரர் சூட்டை வீசிக்கொண்டு மறுபடி நடக்க ஆரம்பித்தார். எனக்கு ஒரேயடியாகச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன், அடக்கியதும் அழுகை வந்தது. அவள் அழவில்லை. கூடாரத்தில் பிடித்த என் கையை வீடு வந்து சேருகிறவரை அவள் விடவில்லை. என் விரல்கள் நசுங்கி நோவெடுத்தன. நோகிறது என்று நான் சொல்லவில்லை.