கவரிங்குக்கு மயங்காத கொடுவா

தூண்டில் நரம்பின் ஒரு நுனி கால் கட்டைவிரலில், மறுநுனி பல்லிடுக்கில். நடுவில் மூன்று முட்களைக் கோத்து, முடிச்சை எச்சிலால் நனைத்து இழுத்துக்கொண்டிருந்தார் இன்னாசிராஜ். பழுதுக்குக் கொடுத்த செல்போனைக் கேட்டு ஒருவர் எதிரே வந்து நின்றார். "நாளைக்கு வாங்க" என்பதைப் பல்லைத் திறக்காமலே சொல்லி அனுப்பினார். போன வாரமும் அதே மனிதரிடம் அதையேதான் சொன்னார்.

கடலூர் முதுநகரில் அவர் வைத்திருப்பது செல்போன், ரேடியோ ரிப்பேர் கடை என்று போர்டு சொல்கிறது. நம்ப வேண்டியதில்லை. பற்றவைக்க வாங்கிய ஈயமெல்லாம் தூண்டிலுக்குக் குண்டாகிவிட்டது. ஒற்றை முள் போடுவது அவருக்குக் கேவலம். மூன்று முள், ஐந்து முள், குடைக்கம்பியில் விரியும் ஏழு முள் என்று வாரத்துக்கு ஒரு தினுசு. நாலு மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டு உப்பனாற்றங்கரைக்குப் போவார். இருட்டியதும் வெறுங்கையோடு வருவார். காற்று சரியில்லை, தண்ணீர் கலங்கல், அமாவாசை கிட்டே வந்துவிட்டது. தப்பு அவர் பக்கம் மட்டும் வந்ததே கிடையாது.

"முள்ளு கரெக்ட்டு மேரி. மீனுக்குத்தான் இன்னும் புரியல" என்பார்.

மனைவி பாக்கியமேரி ரசத்தை ஊற்றுவாள்.

கொடுவா மீனுக்கு மினுக்கம் பிடிக்கும் என்று எவனோ புண்ணியவான் சொல்லிவைத்தான். அதிலிருந்து வீட்டில் பளபளப்பாக எதையும் வைக்க முடியவில்லை. பழைய சிடியை நறுக்கிக் கட்டினார். டீ ஸ்பூனில் ஓட்டை போட்டுக் கட்டினார். அவளுடைய கவரிங் வளையலை வெட்டிக் கட்டினார். கொடுவா திரும்பிப் பார்க்கவில்லை.

"கவரிங்குன்னு அதுக்குத் தெரிஞ்சிபோச்சு" என்று ஒருநாள் முடிவுக்கு வந்தார்.

பாக்கியமேரியின் தம்பி டோனி விழுந்து விழுந்து சிரித்தான். "அப்ப என்னா மாமா, மீனுக்கு நக போட்டுக் கட்டிக்குடுக்கப் போறீங்களா?"

இன்னாசிராஜ் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோதே அவள் பீரோ சாவியை இடுப்பில் செருகியிருக்க வேண்டும். மனுஷன் இவ்வளவு தூரம் போவார் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

தாலியை விட்டால் அவளிடம் தங்கம் என்று இருந்தது ஒரு ஜோடி ஜிமிக்கிதான். புதன்கிழமை டோனியின் மகளுக்குக் கல்யாணம். அத்தைக்காரி வெறுங்காதோடு நின்றால் நெல்லிக்குப்பத்துச் சம்பந்தி வீடு வருஷம் முழுக்க அதையே பேசும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டப்பாவைத் திறந்தாள். ஒரு ஜிமிக்கிதான் கிடந்தது. ஒன்றையாவது விட்டுவைத்த பெருந்தன்மையை என்னவென்று சொல்வது. அதை ஒரு காதில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

முழங்கால்வரை சேறும், முகமெல்லாம் பூரிப்புமாக வந்தார் இன்னாசிராஜ்.

"எங்க அது?"

"கொடுவா அடிச்சிது மேரி. நெசமா அடிச்சிது. நரம்ப அறுத்துக்கினு..."

"என் ஜிமிக்கி எங்கன்னு கேட்டேன்."

"அது வாயிலதான் இருக்கு." கல்யாணமாகி வந்த நாளாக அவர் குரலில் இப்படியொரு பெருமையை அவள் கேட்டதில்லை.

"நாளைக்கு நான் எத மாட்டிக்கினு போவேன்?"

பையைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் அகல விரித்து மீனின் நீளத்தைக் காட்டினார். அவள் கண் கலங்குவதைப் பார்த்தார். இன்னும் ஒரு சாண் அகட்டினார்.