படலையில் தொங்கிய வெல்கம்

பெரியகல்லாற்றில் எங்கள் புது வீட்டுக் குடிபூரலன்று, வாசல் படலைக்கு மேலே 'வெல்கம்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தொங்கவிட்டது நான்தான். வெள்ளை ரெஜிபோம் அட்டையில் வெட்டிய ஏழு எழுத்துகள், சிவப்புச் சீலையில் குண்டூசியால் குத்தியவை. பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டு படிக்கிறவளுக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் ஏது? வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, "இதுக்கு வாங்க எண்டு கருத்து" என்று விளக்கமும் கொடுத்தேன். அவர்களில் பாதிப் பேர் எனக்கு முன்னமே அதைப் படித்தவர்கள் என்பது யோசனையில் வரவில்லை.

அந்த வீடு அக்காவுக்குச் சீதனமாகக் கொடுக்கவென்று அப்பா கட்டத் தொடங்கியது. கூரை போடுமுன்னே அக்கா தன் விருப்பத்துக்குக் கலியாணம் முடித்துச் செங்கலடிக்குப் போய்விட்டாள். அதன்பிறகு இரண்டு வருடம் அப்பா அவள் பெயரையே எடுக்கவில்லை. குடிபூரலுக்கு அம்மாதான் அவருக்குத் தெரியாமல் போனில் சொல்லியிருந்தாள்.

சாப்பாடு தொடங்கும் நேரத்தில் அக்கா தனியே வந்தாள். வந்தவள் படலையடியிலேயே நின்றுவிட்டாள். வீட்டுக்காரர் வாயால் "வா" என்று சொல்லாமல் எங்கள் பக்கம் யாரும் உள்ளே வருவதில்லை. கோபித்துப் பிரிந்தவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எதிரே தெரிந்த வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் மேலே காட்டினேன்.

"வாங்க எண்டு எழுதிக் கிடக்குதானே அக்கா."

"அது ஊருக்கு எழுதினது மனே," என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று வீசியது. கடைசிக்கு முதல் இருந்த 'எம்' எழுத்து ஒற்றைக் குண்டூசியில் தொங்கியது. அப்பா எழும்பி, ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு படலைக்கு வந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்காமலே அதில் ஏறினார்.

"ஆடுது. புடி," என்றார்.

அக்கா கதிரையை இரண்டு கையாலும் பிடித்தாள். ஒரு எழுத்தைக் குத்த அப்பா எடுத்த அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு இறங்கி, சாரத்தைத் தட்டிவிட்டு, வீட்டுப் பக்கம் நடந்தபடியே சொன்னார்.

"கதிரைய உள்ள கொண்டு வை புள்ள."

அக்கா அழுதுகொண்டே கதிரையோடு உள்ளே போனாள்.

எனக்கென்றால் அப்பா மேல் சரியான ஆத்திரம். 'எம்'மைத் தலைகீழாகக் குத்தியிருந்தார். அன்றைக்கு எடுத்த படங்களில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. அதுகூடப் போகட்டும். அத்தனை பேர் சும்மா நிற்க, இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்தவளையா கதிரை தூக்க வைப்பது? வீட்டுக்கு வந்தவர்களுக்கு யாராவது வேலை சொல்வார்களா என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா சிரித்துக்கொண்டே என் கையில் பாயசத்தைத் தந்தாள்.

வந்தவர்களுக்குச் சொல்லமாட்டார்கள்தான். வீட்டுப் பிள்ளைக்குத்தான் சொல்வார்கள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.