தண்ணீர் வடிந்தபின் வரச் சொன்னவள்

இந்தக் கழிமுகத்து நீர்நாய்கள் என் மருமகளைக் கண்டால் பின்னங்காலில் எழுந்து நின்று கும்பிடும். சரி, கும்பிடாது, கூட்டித்தான் சொன்னேன். ஓடாமல் இருக்கும். அதுவும் காற்று நம் முகத்தில் அடித்தால்தான்.

கடுகு என்று நான் வைத்த பெயர்தான் படகுத்துறை முழுக்க அவளுக்கு. ஆள் சிறியவள், சூடு பட்டால் வெடிப்பாள். இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்குவது அவள் தொழில். எஞ்சினையும் பெண்டாட்டியையும் சூடாகாமல் பார்த்துக்கொள்வது என் மகன் வேலை. எஞ்சினில் மட்டும் கெட்டிக்காரன்.

இந்த வருஷம் அவளை வெடிக்க வைத்தது துறைமுக அலுவலகம். அக்கரைப் பாறைகளின் மேல் கல்லைக் கொட்டி வண்டி நிறுத்துமிடம் கட்டப் போகிறார்களாம். அந்தப் பாறை இடுக்கில்தான் நீர்நாய் குட்டி போட்டிருக்கிறது. நீர்நாய் இருந்தால் கொட்டக்கூடாது என்பது சட்டம். இருக்கிறதா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார், மறுபடி வந்தார், மறுபடியும் வந்தார். ஒன்றையும் காணவில்லை.

எப்படிக் காண்பார்? அவருடைய பெரிய விசைப்படகு தண்ணீர் ஏறி நிறைந்த நேரத்தில்தான் உள்ளே வரும். அப்போது நண்டுப் பாறையெல்லாம் முழுகிக் கிடக்கும், நீர்நாய் பொந்துக்குள் தூங்கும். தண்ணீர் வடிந்து, பள்ளங்களில் மீன் சிக்கிக்கொண்டால்தான் அது வெளியே வரும்.

துறையில் அவரை மறித்தாள் கடுகு. "கடை சாத்துன நேரமாப் பாத்து வந்துட்டு, கடையில சரக்கே இல்லைன்னு எழுதுறதா சார்?"

"தண்ணி இறங்கினா என் படகு தரை தட்டிடும்மா."

"என் படகு தட்டாது. நாளைக்கு வடியற நேரத்துக்கு வாங்க. அத்தை, நீங்களும் வாங்க, சாட்சிக்கு."

போனோம். வானம் மூட்டமாக இருந்தது, கண் கூசவில்லை, நல்ல சகுனம். ஆனால் காற்று எங்கள் முதுகில் அடித்தது. தினமும் விரலை நனைத்துக் காற்றைப் பார்ப்பவள், அன்று கோபத்தில் மறந்துவிட்டாள். அதிகாரியின் வாசனைத் தைலம் எங்களுக்கு முன்னால் பாறைக்குப் போய்ச் சேர்ந்தது. காற்றில் எழும்பிய சிற்றலை ஒவ்வொன்றும் ஒரு தலை மாதிரித் தெரிந்தது.

"அதுவாம்மா?" என்று கை நீட்டினார் அதிகாரி.

"அது எண்ணெய் கேன் சார்."

வெகு நேரம் காத்திருந்தும் பயனில்லை. "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று முனகிக்கொண்டே துடுப்பை எடுத்து, காற்று முகத்தில் அடிக்கும்படி சுற்றிப் போய் எதிர்ப்பக்கத்து மணல் திட்டில் படகைச் சேர்த்தாள். நான் படகில் உட்கார்ந்துகொண்டேன். இருவரும் இறங்கிச் சேற்றில் நடந்தார்கள். அதிகாரியின் ஒரு ஷூவைச் சேறு விழுங்கியது. அவர் புலம்ப, அவள் திட்ட ஆரம்பித்தாள். சத்தம் போட்டால் நீர்நாய் ஓடிவிடும். குசுகுசுவென்றே ஒரு மனுஷனை அத்தனை திட்ட முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

திட்டு பாதியில் நின்றது. 'கறக்' என்று நண்டு ஓடு உடையும் சத்தம். பாறை மேல் மீசையும் ஈரமுமாக ஒரு தாய். அதன் வாயிலிருந்து பிடுங்கப் பார்க்கும் இரண்டு குட்டிகள். அதிகாரி தன் வெறுங்காலை மறந்து நின்றார்.

அப்புறம் கடுகு பக்கம் திரும்பினார். "அழகா இருக்கும்மா. ஆனா அறிக்கையை நேத்தே அனுப்பிட்டேன். காலையில லாரி வந்துடும்."

கடுகு வெடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நேரே வந்து படகில் ஏறினாள், அதிகாரியைத் திட்டிலேயே விட்டுத் துடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளினாள். தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது. மணல் திட்டின் ஓரம் கரைந்துகொண்டே வந்தது.

"போன் இருக்குல்ல? இப்பவே பேசுங்க."

"அம்மா, இது மிரட்டல்."

"மிரட்டல் இல்ல சார், தண்ணி. மூணு தடவை இந்தத் தண்ணியிலதானே வந்தீங்க? ஒரு தடவை நின்னு பாருங்க."

முழங்கால் முழுகியது, இடுப்பு முழுகியது, கழுத்துக்கு வந்தபோது மனிதர் அலுவலகத்தோடு பேசினார், கடைசி வார்த்தை குமிழியாகத்தான் வந்தது. கல் கொட்டுவது நின்றது.

இதுவரை எழுதியதை வாய்விட்டுப் படித்தேன். வாசலில் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த கடுகு நிமிர்ந்தாள்.

"கழுத்தாவது அத்தை. கணுக்கால்கூட நனையல, அதுக்குள்ள ஏத்திட்டேன். படகுல உக்காந்துதான் பேசுனாரு. கல்லும் நிக்கல, மறு கணக்கெடுப்பு வரைக்கும் தள்ளி வச்சிருக்காங்க. அதுக்கும் தண்ணி ஏறுற நேரமாப் பாத்துத்தான் தேதி போட்டிருக்கானுங்க. மொதல்ல அதை எழுதுங்க."