கல் வாசலில் ஒரு குடில்

போன வாரம் கடலூரில் ஒரு வீட்டு வாசலுக்குக் கல் பதித்தேன். வேலை முடிந்த அன்றைக்கே அதில் கொஞ்சத்தை நானே பெயர்த்தும் எடுத்தேன். ஆனாலும் சந்தோஷமாகத்தான் வீடு திரும்பினேன். எப்படி என்கிறீர்களா?

வீட்டுக்காரர் செபாஸ்டியன். அவர் மனைவி மேரிக்கு மழை வந்தால் ஒரே புலம்பல் — வாசலெல்லாம் சேறு. தங்கை பிரசவத்துக்காக மேரி சிதம்பரம் போயிருந்த நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார். மனைவி திரும்பி வந்து அசந்து போகவேண்டுமாம்.

"கேட்லேர்ந்து படி வரைக்கும் கல்லு போட்டுடுங்க மேஸ்திரி. ஓரமா குரோட்டன்ஸ் தொட்டி. கிறிஸ்மஸுக்குப் பளிச்சுன்னு இருக்கணும்."

தரையை இறுக்கி, மணல் பரப்பி, மழைத் தண்ணீர் தெருவுக்கு ஓட வாட்டம் கொடுத்து, சிவப்பும் சாம்பலுமாகப் பேவர் கல் பதித்தோம். இடுக்குகளில் மணலைக் கூட்டி நிரப்பிக்கொண்டிருந்தபோது ஆட்டோ வந்தது. மேரி ஒரு துணிப்பையோடு இறங்கினார். வாசலை நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. குடில எங்க வைக்கிறது?"

செபாஸ்டியன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டி மேரி கட்டும் கிறிஸ்மஸ் குடில் அந்தத் தெருவில் பிரசித்தம். மண்ணைக் குவித்து மலை, வாய்க்கால் வெட்டி ஆறு, கேழ்வரகு தெளித்து முளைக்க வைத்த புல்வெளி, குழந்தையைப் பார்க்க மூன்று ராஜாக்கள் ஏறிவரும் ஒட்டகம்... பையில் இருந்ததும் அந்தக் கேழ்வரகுதான்.

"மாடியில வச்சுக்கலாமே," என்றார் செபாஸ்டியன்.

"வைக்கலாம். பாக்க வர்ற தெருப் பசங்க அத்தினி பேரையும் நீங்க தூக்கிகிட்டு ஏறுங்க."

"தொட்டியில..."

"தொட்டியில ஒட்டகம் எங்க நிக்கும்?"

"சேறு சேறுன்னு நீதான சொன்ன? ஒனக்காகத்தான செஞ்சேன்."

"பதினோரு மாசம் மண்ணு வேணாம். ஒரு மாசம் வேணும். இதுகூடத் தெரியாமயா இத்தினி வருஷம் குடும்பம் நடத்துறீங்க?"

அடுத்தவர் வீட்டுச் சண்டையில் நாம் கண்ணை எங்கே வைப்பது? நான் தரையைப் பார்த்து இன்னும் வேகமாகக் கூட்டினேன். மேரியின் பார்வை என் விளக்குமாற்றில் விழுந்தது.

"அண்ணே, இடுக்குல போடுறது சிமெண்டா?"

"மணலுங்க."

"அடியில?"

"அதுவும் மணல்தாங்க."

"அப்ப எடுத்தா வந்துடுமா? திரும்ப வச்சா ஒக்காருமா?"

தலையாட்டினேன்.

"என்னாங்க, கேட்டீங்களா? மதிலோரமா கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க."

முதல் கல்தான் அடம்பிடித்தது. கடப்பாரையால் நெம்பியதும் மற்றவை சொன்னபடி வந்தன. செபாஸ்டியன் ஸ்கூட்டரில் போய்ச் செம்மண் மூட்டையோடு வந்தார். சட்டையெல்லாம் மண். கொட்டிவிட்டுக் குனிந்து மனைவியிடம் கேட்டார்: "மலை இந்த ஒசரம் போதுமா?"

"இன்னும் கொஞ்சம். அப்பதான் ஆறு எறங்கும்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே மண்ணைப் பிசைந்தார்கள்.

எங்களைப் போல வாசலை அழகு பண்ணுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். குடியிருப்பவர்களுக்கு வாசல் அப்புறம்தானே தொடங்குகிறது?

கிளம்பும்போது மேரி சொன்னார்: "ஜனவரியில மூணு ராஜா திருநாள் முடிஞ்சதும் வந்து மூடிக் குடுங்கண்ணே. அடுத்த வருஷமும் போன் பண்ணுவேன், வந்து தொறந்து உடணும்."

கல் பதித்த வீட்டிலிருந்து போன் வந்தாலே ஏதோ குறை சொல்லத்தான் என்று எடுக்கத் தயங்குவேன்... இனி டிசம்பரில் ஒரு போனுக்காவது தைரியமாக ஹலோ சொல்லலாம்.