ஏழாவது இடத்துக்கு நடந்த சண்டை

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் போன் அடித்தது. அடித்தது என்பதைவிடக் கரகரத்தது என்று சொல்லலாம். தகரத்தை ஆணியால் கீறுவது போல ஒரு சத்தம், அதன் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது, பிறகு டொம் என்று ஒரே ஒரு டிரம் அடி. வடைத் தட்டோடு நின்ற அம்மா பயந்து பின்வாங்கினாள். போன் பழுதாகிவிட்டது என்று அப்பா நினைத்து, டவுனில் நல்ல ரிப்பேர் கடை இருக்கிறது என்று ஆறுதல் சொல்லத் தொடங்கினார். தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய நான் மட்டும் தலையைத் தூக்கிக் கேட்டுவிட்டேன்.

“அது ரெண்டாவது எல்பத்துல வர்றதுதானே?”

அவர் போனை அணைக்க மறந்துபோய் என்னைப் பார்த்தார். அதுவரை சுவரில் தொங்கிய கலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சத்தத்தைப் பாட்டு என்று எல்பம் போட்டு விற்கிற பேண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ரசிகர்கள் யாராவது படித்துவிட்டு, நான் சொல்கிற வரிசை தவறு என்று சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டைக்கு எனக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. கொழும்புக்காரர்கள் நாலு பேர். சிங்களத்தில் பாடுவார்கள், அதுவும் பாடினால்தான். கிட்டாரை எல்லோரும் வாசிக்கிற மாதிரி வாசிக்க மாட்டார்கள். பிரஷர் குக்கர் விசில், ரயில் தண்டவாளம், ஸ்டேஷன் பிடிபடாத ரேடியோவின் இரைச்சல், எல்லாம் அவர்களுக்கு வாத்தியம். ராக் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். பரிசோதனை முயற்சியாம். பரிசோதனை யார் மேல் என்று அம்மா கேட்பாள்.

அப்போது நான் பலாங்கொடை டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். போட்டோகொப்பி எடுப்பது, போனுக்கு ரீலோட் போடுவது, பொடியன்களுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுப்பது. என்னோடு வேலை செய்த சிங்களப் பெண் ஒருத்தி கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் இந்த பேண்டைப் போடுவாள். முதலில் எனக்குத் தலைவலிதான் வந்தது. பிறகு ஒருநாள் எஸ்டேட் பஸ்ஸில் நெருக்கியடித்து மேலே வரும்போது, யாரும் போடாமலே அந்தச் சத்தம் என் தலைக்குள் ஓடியது. அதற்குப் பிறகு என்னைத் திருப்ப யாராலும் முடியவில்லை. அவள் கலியாணம் முடித்து குருவிட்டப் பக்கம் போய்விட்டாள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இதைக் கேட்கிற ஒரே ஆளாக நான் மிஞ்சினேன்.

அந்த நேரத்தில்தான் கொடகவெலையிலிருந்து இந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கொழுந்து லொறி ஓட்டுகிறவர். சின்னத் தோட்டக்காரர்களிடம் பச்சைக் கொழுந்து ஏற்றிக்கொண்டு ஃபெக்டரிக்குக் கொண்டுபோவார். அவரோடு அவருடைய அம்மாவும், கலியாணமான அக்காவும் வந்திருந்தார்கள்.

பிள்ளைகள் கொஞ்சம் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் எங்களை லய வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த தண்ணீர்ப் பீலிக்கு அனுப்பினார்கள். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் தொண்டையைச் செருமினார். படிப்பு, குணம், சமையல், இப்படி ஏதாவது கேட்பார் என்று பதில்களோடு நின்றேன்.

“அவங்க பாட்டுலயே ஒங்களுக்கு எது பெஸ்ட்டுங்க?” என்று கேட்டார்.

இந்த பேண்டின் பாட்டுகளுக்கு ஒழுங்கான பெயர் கிடையாது. சிலதுக்கு இலக்கம் இருக்கும், சிலதுக்கு வெறும் புள்ளிகள். ரசிகர்கள் தங்களுக்குத் தோன்றியதை வைத்துக் கூப்பிடுவார்கள். மழைப்பாட்டு என்றேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தத்தோடு தொடங்கி, கிட்டார் எப்போது வரும், வரும் என்று காக்கவைத்து, கடைசியில் பாடகர் ‘என்ன, என்ன’ என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி முடிக்கிற பாட்டு. சிங்களத்தில் அதற்கு ‘வாங்க, வாங்க’ என்று அர்த்தம். என் அம்மாவுக்கு சிங்களம் நன்றாகத் தெரியும். இருந்தாலும் அந்தப் பாட்டை மட்டும் தமிழிலேயே கேட்பாள். இவ்வளவு நேரமாக என்ன என்ன என்று கேட்கிறானே, யாராவது அவனுக்குப் பதில் சொல்லுங்களேன் என்பாள்.

என் பதிலைக் கேட்டு அவர் முகம் வாடிவிட்டது. அந்தப் பாட்டில் பாதி வெறும் காத்திருப்புதான், பஸ் ஹோல்ட்டில் நிற்கிற மாதிரி இருக்கும் என்றார். அவருக்கு ஓட்டப்பாட்டுதான் முதலிடம். அது வேகமான பாட்டு. கைதட்டிப் பார்த்தால் ஒரு தட்டு எப்போதும் மிஞ்சும். அது டியூஷன் பொடியன்களுக்குப் பிடிக்கிற பாட்டு, கடைக்கு வருகிறவன் எல்லாம் அதைத்தான் ஏற்றச் சொல்வான் என்றேன். நிறையப் பேருக்குப் பிடித்தால் அது கெட்ட பாட்டா என்று கேட்டார். நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். சொன்னேன் என்றார். பீலிச் சத்தத்தை மீறிப் பேச வேண்டியிருந்ததால் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தோம் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

முதலில் ஓடி வந்தது அவருடைய அக்கா. என்ன நடந்தது என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கட்டுநாயக்காவில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போயிருந்த காலத்தில், போர்டிங் அறையில் இந்த பேண்டை முதலில் கேட்டு, தம்பிக்குக் கொண்டுவந்து கொடுத்ததே அவள்தானாம். அது எனக்கு அப்போது தெரியாது.

“ரெண்டு பேருக்குமே ஒண்ணும் தெரியல. அந்தப் பாட்டுக்காரன் பாடப் பழகுறதுக்கு முந்திப் பாடுனதுதான் பாட்டு. அதுக்குப் பொறகு வந்தது எல்லாம் சும்மா” என்றாள்.

அவள் சொன்னது அவர்களுடைய முதல் ரெக்கோர்டிங்கை. அதில் பாடகர் சுருதியைத் தேடுவார், கடைசிவரை கிடைக்காது. நானும் அவரும் ஒரே குரலில் அக்காவை எதிர்த்தோம். அப்படி மூன்று பேரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்ததை அம்மா சமையலறை ஜன்னலால் பார்த்துவிட்டுச் சம்பந்தம் முறிந்துவிட்டது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“என்னா புள்ள, மாப்பிள்ளைய புடிக்கலையா?”

“புடிச்சிருக்குப்பா. ஆனா அவரு சொல்றது தப்பு.”

அப்பா முன்னறைக்குப் போய், பெண்ணுக்குச் சம்மதம் என்று மட்டும் சொன்னார். மிச்சத்தைச் சொல்லவில்லை.

கலியாணத்துக்கு நாள் குறித்த பிறகு அக்கா எங்கள் மூன்று பேருக்கு மட்டும் ஒரு வட்ஸ்அப் குரூப் தொடங்கினாள். வேலை ஒன்றே ஒன்றுதான். அந்த பேண்டின் சிறந்த பத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்துவது. நிச்சயமான மற்றப் பெண்கள் போனில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு விடியக்காலையில் வரும் வொய்ஸ் மெசேஜில், இரைகிற லொறி எஞ்சினுக்கு மேலே, மூன்றாவது எல்பத்தின் கடைசிப் பாட்டு ஏன் ஐந்தாவது இடத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு விளக்கம் இருக்கும். முடிவில் சாப்பிட்டீங்களா என்று ஒரு சொல். கொமினிகேஷனுக்கு நடந்துகொண்டே அதைக் கேட்டுச் சிரிப்பேன். எதிரே வருகிறவர்கள் மாப்பிள்ளை ஏதோ செல்லமாகப் பேசுகிறார் என்று நினைத்துத் தாங்களும் சிரிப்பார்கள்.

முதலிடத்தைப் பற்றி நாங்கள் பெரிதாகச் சண்டை போடவில்லை. அதில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பது தெரிந்த விஷயம். சண்டை வந்தது ஏழாவது இடத்துக்கு. அங்கே அவர் குக்கர் பாட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு குக்கர் விசிலும் ஒரு பேஸ் கிட்டாரும் மாறி மாறி ஒன்றையொன்று பேச விடாமல் தடுக்கிற பாட்டு. எனக்கு அது மூன்றாவது. காலையில் அவசரமாகச் சமைத்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிற எந்தப் பெண்ணும் அதை மூன்றாவதுக்குக் கீழே வைக்க மாட்டாள் என்று எழுதினேன். குக்கர் சத்தம் கேட்க வேண்டுமென்றால் குசினிக்குள் போய் நிற்கலாமே, அதற்கு எதற்குப் பாட்டு என்று அவர் பதில் அனுப்பினார். பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் குரூப்பை விட்டு வெளியேறினேன்.

அவர் போன் அடித்தார். நான் எடுக்கவில்லை. கொமினிகேஷனில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் ரீலோட் போட்டுக் கொடுத்துக்கொண்டு, என் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்திருந்தேன். அம்மாவுக்கு உண்மையில் கவலை வந்துவிட்டது. கலியாணக் கார்ட் அடிக்கக் கொடுத்தாயிற்று. ஒரு குக்கருக்காகக் கலியாணத்தை நிறுத்தியவள் என்று பெயர் வாங்காதே என்றாள். அவள் நினைத்தது வேறு. மாப்பிள்ளை வீட்டில் சீருக்குக் குக்கர் கேட்டிருக்கிறார்கள், அதுதான் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு, அடுத்த சந்தை நாளில் பெரியதாக ஒன்று வாங்கி வந்துவிட்டாள். அதை இன்றும் பாவிக்கிறோம்.

சமாதானத்துக்கு வந்தது அக்காதான். வீடு பார்க்க வா என்று என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடகவெலைக்குக் கூட்டிப்போனாள். வாசலில் லொறி நின்றது. கொழுந்துச் சாக்குகள் இல்லாமல் கழுவித் துடைத்து வைத்திருந்தார். அவர் ஸ்டியரிங்கில், அக்கா நடுவில், நான் ஓரத்தில். றக்குவானைப் பக்கம் ஏறினோம். வளைவுகள் தொடங்கியதும் அவர் ஓட்டப்பாட்டைப் போட்டார்.

அதை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கடையில் கேட்டேன், பஸ்ஸில் கேட்டேன். லொறியின் முன்சீட்டில் கேட்டதில்லை. ஒவ்வொரு வளைவிலும், மிஞ்சுகிற அந்த ஒரு தட்டில், அவர் கியர் மாற்றினார். கணக்குச் சரியாக விழுந்தது. அதுவரை அந்தப் பாட்டைக் கையால் தட்டிப் பார்த்ததுதான் என் பிழை, அது கிளச்சால் தட்ட வேண்டிய பாட்டு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். பாட்டை ரசிக்கிறாள் என்று நினைத்தேன். தம்பி ஓட்டுகிற வேகத்துக்குப் பயந்துதான் மூடினாளாம்.

கீழே இறங்கி வந்து பிளேன்டீ குடிக்கும்போது, அந்தப் பாட்டை ஆறாவதிலிருந்து இரண்டாவதுக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். அவர் குக்கர் பாட்டை ஐந்தாவதுக்கு உயர்த்தினார். அதற்கு மேல் முடியாது, மனச்சாட்சி இடம் கொடுக்காது என்றார். சரி என்றேன். அக்கா என்னைத் திரும்பக் குரூப்பில் சேர்த்தாள்.

நானும் அவருக்கு என் பாட்டைச் சரியான இடத்தில் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அடுத்த முறை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது வானம் கறுத்து வந்தது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று கூரைக்குக் கீழே அவரை உட்காரவைத்து, மழைப்பாட்டைப் போட்டேன். மழை இறங்கியது. தகரத்தில் அது விழுந்த சத்தத்தில் பாட்டு ஒரு துளிகூடக் கேட்கவில்லை. அவர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். இப்போது கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது, காத்திருப்பதும் ஒரு சுகம்தான் என்றார். போன் சார்ஜ் இல்லாமல் எப்போதோ அணைந்துபோயிருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. மழைப்பாட்டு அவருடைய வரிசையில் மூன்றாவதுக்கு ஏறியது.

கலியாணம் எங்கள் தோட்டத்துக் கோயிலில், விருந்து டவுனில் ஒரு ஹோலில். நாங்கள் உள்ளே வரும்போது எந்தப் பாட்டுப் போடுவது என்று பேசிப் பேசி, கடைசியில் எல்லோரும் கேட்கிற சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டுவிடலாம், ஊர் வாயை மூடலாம் என்று முடிவு செய்தோம். பாட்டை செட்காரரிடம் கொடுக்கும் பொறுப்பு அக்காவுக்கு.

வாசலில் கால் வைத்தோம். ஸ்பீக்கரில் சுருதியைத் தேடுகிற ஒரு குரல் கிளம்பியது. முதல் ரெக்கோர்டிங். மேசைகளில் பேச்சு நின்றுபோனது. ஸ்பீக்கர் எரிந்துவிட்டது என்று செட்காரர் பாய்ந்து போய் வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். அது சரியான பாட்டுத்தான், விடுங்கள் என்று நான் மாலையோடு நின்றபடி கையைக் காட்டினேன். செட்காரர் அதைப் பார்த்து, பெண்ணே பதறுகிறது என்று இன்னும் வேகமாக வயர் பிடுங்கினார். நடுவில் அந்தப் பாட்டில் ஒரு நீண்ட மௌனம் வரும். செட்காரர் தான் வென்றுவிட்டதாக நிமிர்ந்து நின்றார். ஹோல் முழுக்கக் கைதட்டியது. கைதட்டல் அடங்கியதும் குரல் மறுபடி தொடங்கியது. அம்மாவின் தம்பி ஒருவர், கொஞ்சம் ஊற்றியிருந்தார், எழுந்து வந்து அதற்கு ஆடினார். அந்தத் தாளத்துக்கு எப்படி ஆடுவது என்று உலகத்தில் அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அக்கா சுவரோடு சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

“பெரிய செட்டுல கேக்குறப்ப அவ்வளவு மோசமில்ல” என்றார் மெதுவாக.

“எட்டாவதுக்குப் போடலாம்” என்றேன்.

இப்போது கொடகவெலையில் இருக்கிறோம். நான் இங்கேயும் ஒரு கொமினிகேஷனில்தான். பத்துப் பாட்டு வரிசை இன்னும் முடியவில்லை. போன மாதம் அந்த பேண்ட் புது எல்பம் ஒன்று விட்டது. அதை இப்போதே வரிசையில் சேர்க்கலாம் என்கிறேன் நான். ஒரு பாட்டு பழகாமல் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது, குறைந்தது ஒரு மழைக்காலம் போக வேண்டும் என்கிறார் அவர். இன்று காலையும் அதைப் பற்றித்தான் பேச்சு. பேச்சில் அவர் சாப்பாட்டுப் பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதியம் கடையைப் பூட்டிவிட்டு ஃபெக்டரி வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பாட்டை வாங்கிக்கொண்டு, புது எல்பத்தில் நாலாவது பாட்டை மட்டும் சேர்க்கலாம் என்றார்.