ஒரு பூஜ்யத்தை அடித்தவர்

இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். தோல் பதனிடும் கழிவுநீரிலிருந்து இறங்கும் குரோமியம் மண்ணில் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பது என் ஆய்வு. எங்கள் வீட்டுக் கிணற்று நீரே மஞ்சளாகத்தான் வரும். தலைப்பைத் தேடி நான் எங்கும் போகவில்லை.

அணுக்களின் அசைவைக் கணக்கிட எங்கள் ஆய்வகக் கம்ப்யூட்டருக்குத் தெம்பு போதாது. வெளியூர் மையம் ஒன்றின் சூப்பர் கம்ப்யூட்டரில் நேரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். நூறு பிராசஸர்கள் ஒரு மணி நேரம் ஓடினால் அங்கே அது நூறு மணி. சிறிய மாதிரி ஒன்றை எங்கள் கம்ப்யூட்டரில் மூன்று வாரம் ஓட்டிப் பார்த்து, முழு வேலைக்கு ஐம்பதாயிரம் மணி வேண்டும் என்று கணக்குப் போட்டேன். சோதனை அட்டவணைகளையும் இணைத்தேன். என் பதிவு முடிய இரண்டு வருடம் இருந்தது. இந்த நேரம் கிடைக்காவிட்டால் பட்டம் இல்லை.

துறைத்தலைவரின் கையெழுத்து வேண்டுமே!

"ஏம்மா, அம்புட்டையும் நம்மளே கேட்டா பேராசை புடிச்சவங்கன்னு நெனைக்க மாட்டாங்களா? கொஞ்சமாக் கேளு, அவங்க பாத்துத் தருவாங்க" என்று சிவப்பு மையால் ஒரு பூஜ்யத்தை அடித்தார். அட்டவணைகளையும் உருவினார். "நம்ம கம்ப்யூட்டரு இம்புட்டு மெதுவா ஓடுதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லணுமா?"

அவற்றுக்குப் பதிலாகக் கல்லூரியின் பெருமை ஒரு பக்கம், கடைசியில் 'தங்கள் கருணையை வேண்டி' என்று ஒரு வரி. பசித்தாலும் பந்தியில் இலைக்கு மேல் கையை நீட்டிப் 'போதும் போதும்' என்போமே, அதே மரியாதை. கணக்குக்கு எதற்கு ஐயா மரியாதை? அன்றே கேட்டிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு வந்தேனே என்று என்மேலும் எனக்கு ஆத்திரம்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. கேட்ட நேரத்தில் இந்த வேலையை முடிக்க முடியாது, எவ்வளவு தேவை என்பதற்குச் சோதனைச் சான்றும் இல்லை, நிராகரிக்கிறோம். ஒரு வார்த்தை தப்பில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். அடுத்த விண்ணப்பம் மறு வருடம்தான்.

மறு வருடம் ஐம்பதாயிரத்தை எண்ணாலும் எழுதினேன், எழுத்தாலும் எழுதினேன். அட்டவணைகள் உட்பட எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டுத் தைத்தேன். துறைத்தலைவர் பேனா மூடியைத் திறந்தார்.

"என்னம்மா, எழுத்துல வேற எழுதிருக்க?"

"ஆமா சார். கொறைக்கணும்னா, ஏன் கொறைச்சீங்கன்னு பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."

 அவர் எதையும் தொடாமல் கையெழுத்திட்டார்.

ஐம்பதாயிரமும் கிடைத்தது. ஆசிரியர் அறையில் எல்லோரும் இருக்கும்போது அவர்தான் முதலில் அறிவித்தார்: "கேட்டோம், அப்படியே தூக்கிக் குடுத்துட்டாங்க பாத்தீங்களா!"

நான் சொன்னேன்: "போன வருஷமும் இதையே கேட்டிருந்தா போன வருஷமே குடுத்திருப்பாங்க சார்."

 என் பதிவு முடிய எட்டு மாதம் இருந்தது. நான் எழுந்து ஆய்வகத்துக்குப் போனேன்.