ரயிலம்மாவும் படம் பிடித்த அப்பாவும்

பூங்காவில் குழந்தைகளுக்கான ரயிலை ஓட்டும் ரயிலம்மாவுக்கு, ஊர் சுற்றிக் காட்டப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரைக் கண்டாலே ஆகாது. பிள்ளைகளுக்காக வந்தோம் என்பார்கள். ஏறி உட்கார்ந்ததும் கைபேசியை எடுத்துவிடுவார்கள்.

"கண்ணு எதுக்கு இருக்குன்னு இதுங்களுக்கு யாரு சொல்றது?" என்று டிக்கெட் கொடுப்பவளிடம் பொருமுவாள்.

அன்று ஒரு தகப்பன் சுற்று முழுக்கத் தன் முகத்தையே படம் பிடித்தார். ரயில் நின்றதும் அந்தப் படத்தைப் பார்த்தபடியே இறங்கி நடையைக் கட்டினார். நாலு வயது மகள் இருக்கையிலேயே இருந்தாள்.

"அப்பா போறாரே, நீ இறங்கலையா கண்ணு?"

"இன்னொரு சுத்து போலாம் அத்தை. அவருக்குத் தெரியாது."

ரயிலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, விசிலடித்து வண்டியை எடுத்தாள். பாதிச் சுற்றில் தகப்பன் வேலியோரமாக அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"நிறுத்தும்மா! என் பொண்ணு!"

"பெத்தது இப்பதான் ஞாபகம் வந்துச்சா? நல்லா ஓடி வாங்க சார், தொப்பையாவது குறையும்!"

நிலையம் வந்த பிறகே நிறுத்தினாள். நாக்குத் தள்ள வந்து நின்றவருக்குத் திட்டக்கூட மூச்சில்லை. மகள் கைதட்டிக் குதித்தாள்.

"நாளைக்கும் ஓடுவீங்களாப்பா?"